யானைக்கு மேல் இருந்த கிரீடம்

1

அப்பாவின் திவசத்துக்கு மறுநாள் காலை. துறைமுகத்தை ஒட்டிய ஓர்ஸ் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டின் பின்வளவில் மலசலகூடக் குழி வெட்டிக்கொண்டிருந்த யோகன், மண்வெட்டியைப் போட்டுவிட்டுக் குசினி வாசலில் வந்து நின்றார். கையில் துருப்பிடித்த பிஸ்கற் ரின் ஒன்று இருந்தது.

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ" என்று என் தம்பி நேசனிடம் நீட்டினார். நேசன் வாங்கவில்லை. நான்தான் வாங்கினேன்.

மூடி உக்கி விழுந்திருந்தது. உள்ளே மண்ணோடு மண்ணாக ஒரு கைப்பிடி உலோகம். சட்டைப் பொத்தான்கள், தோளில் குத்துகிற பித்தளை எழுத்துகள், தொப்பியில் குத்துகிற சின்னங்கள். ஒரு சின்னத்தில் பச்சைக் களிம்புக்குள்ளால் யானை ஒன்று தெரிந்தது. அதற்கு மேலே என்ன இருந்தது என்று தெரியவில்லை. களிம்பு மூடியிருந்தது.

"ஆமிக்காரற்ர சாமான்" என்றார் யோகன்.

நேசன் சிரித்தான்.

அந்தச் சிரிப்பைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இடம்பெயர்ந்து போய் நாங்கள் ஊருக்குத் திரும்பி வந்த அடுத்த வருடம், ரியூசனுக்குப் போன வழியில் சீருடைக்காரர்கள் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்போது அவன் உயர்தரம் படித்துக்கொண்டிருந்தான். மாதக்கணக்கில் எங்கே இருக்கிறான் என்று தெரியவில்லை. திரும்பி வந்தவன் என்ன நடந்தது என்று அம்மாவுக்குச் சொல்லவில்லை, எனக்குச் சொல்லவில்லை, பிறகு கட்டிய கமலிக்கும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து சீருடையைக் கண்டால் அவன் முகத்தில் ஒரு சிரிப்பு வந்து ஒட்டிக்கொள்ளும். தெரியாதவர்கள் பணிவான ஆள் என்று நினைப்பார்கள். அன்று சீருடைகூட வரவில்லை. சீருடையில் குத்துகிற சாமான்தான் வந்திருந்தது. அதற்கே அந்தச் சிரிப்பு வந்துவிட்டது.

"கிடந்த இடத்திலயே புதைச்சுப்போடுங்கோ" என்றாள் கமலி. "ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ."

அது முடியாத காரியம். யோகன் சூதுவாது தெரியாத மனிதர். அதிசயமாகப் பட்டதைப் படம் பிடித்து முகநூலில் போட்டுவிட்டுத்தான் எங்களிடம் வந்திருந்தார். நாங்கள் மத்தியானம் சோற்றில் கை வைக்கும்போது படலையடியில் ஜீப் வந்து நின்றது.

2

இந்தச் சின்னங்களைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். எப்படித் தெரியும் என்பது, ஊரில் இருப்பவர்களுக்கு விநோதமாக இருக்கும்.

நான் இருப்பது இங்கிலாந்தின் தென்கரையில், கப்பல் வந்து போகும் சிறிய ஊர் ஒன்றில். சுப்பர்மார்க்கற்றில் மீன் வெட்டிக் கொடுக்கும் பகுதியில் வேலை. வந்த புதிதில், வேலை தேடிக் கொடுக்கும் அலுவலகத்தில் இருந்த பெண், ஆங்கிலம் பழக வேண்டுமென்றால் எங்கேயாவது வொலண்டியராகப் போ என்றாள். எனக்குத் தெரிந்த வொலண்டியர் ஒன்றுதான். ஊரில் வொலண்டியர் என்றால் தொண்டர் படை, தோளில் துவக்கு. "ஐயோ, நான் பட்டாளத்தில் சேர மாட்டேன்" என்று பதறிப்போய்ச் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு எழுதித் தந்த விலாசம் ஊர் அருங்காட்சியகத்தினுடையது.

அங்கே பின்னறையில் ஜூன் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை எனக்கு முன்னால் கொண்டுவந்து வைத்த முதல் தட்டு நிறைய, பழைய பிரிட்டிஷ் தொண்டர் படைகளின் சின்னங்கள். வயதானவர்கள் செத்துப்போனால் பிள்ளைகள் அலுமாரியை ஒதுக்கி, என்ன ஏதென்று தெரியாமல் பெட்டியோடு கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார்கள். இன்ன படை, இன்ன காலம் என்று கண்டுபிடித்து எழுதி வைப்பதுதான் வேலை. தொண்டர்களைப் பற்றி எழுத ஒரு தொண்டர் என்று ஜூன் பகிடி விட்டாள்.

கிரீடத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வளைவுகள் உருண்டு மேலே எழும்பியிருந்தால் அது ராசாக்களின் காலம். வளைவு நடுவில் பள்ளம் விழுந்திருந்தால் பிந்தி வந்த ராணியின் காலம். பிறகு உலோகத்தைப் பார்க்க வேண்டும். மிகப் பழைய தொண்டர் படைகள் பித்தளைக்குப் பதில் வெள்ளை உலோகம் குத்தினார்கள், நிரந்தரப் படைக்காரனோடு கலந்துவிடக் கூடாது என்று. கடைசியாகப் பின்புறம். வளையம் வைத்திருக்கிறதா, தொப்பியில் செருகும் தகடு வைத்திருக்கிறதா, ஓரம் மழுங்கிப் போலியாக வார்த்ததா? எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கட்டளை உண்டு. தேய்க்கக் கூடாது. களிம்பும் சாமானின் வயதுதான் என்பாள் ஜூன்.

"அவங்கட பட்டாளத்தின்ர பித்தளை துலக்கவோ அங்க போறீர்?" என்று என் கணவர் கேட்பார்.

"துலக்கிறேல்லை. துலக்கக் கூடாது எண்டுதான் சொல்லித் தாறினம்" என்பேன்.

அவருக்கு அது விளங்காது. எனக்கு ஏன் பிடித்தது என்று எனக்குத் தெரியும். அந்த நாட்டுக் காகிதங்களில் நான் நானாக இல்லை. யாரோ ஓர் அதிகாரி பெயரை மாற்றிப் போட்டதில், இருபத்தைந்து வருடமாக ஆஸ்பத்திரியிலும் வங்கியிலும் என்னை அப்பாவின் பெயரால்தான் கூப்பிடுகிறார்கள். திருத்தச் சொல்லிப் போனால், இதுதான் உங்கள் பெயர் என்பதற்கு ஆதாரம் கொண்டு வாருங்கள் என்கிறார்கள். அந்தப் பின்னறையில் மட்டும் அப்படியில்லை. ஒரு பொருளை வடிவாகப் பார்த்தால் அது தன் வயதைச் சரியாகச் சொல்லும். யாரும் அதை மிரட்டி வேறு வயது சொல்ல வைக்க ஏலாது.

என் மகள் ஆரணி அங்கேயே பிறந்தவள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தமிழ் விளங்கும், வாயில் வராது. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் இரண்டு கரையில் நின்று கத்துவதுபோல எங்கள் வீட்டுக் கதை போகும். தாத்தாவின் திவசத்துக்கு வா என்று கெஞ்சிக் கூட்டி வந்தேன். வந்த நாளிலிருந்து ஃபோனுக்குள்தான் இருந்தாள்.

3

ஜீப்பிலிருந்து இறங்கியவர் எங்கள் பகுதிப் பொலிஸ் பொறுப்பதிகாரி. ஐம்பதை நெருங்கிய மனிதர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்திருந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கேட்க வேண்டியதைத்தான் கேட்டார்.

ரின்னை மேசையில் வைத்துக் குனிந்து பார்த்தார். விரல் நேரே யானையில் போய் நின்றது. கூட வந்த கான்ஸ்டபிளிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கியது ஒரு சொல்தான். 'அபே'. எங்களுடையது.

அவர் நினைப்பதில் பிழையில்லை. வெள்ளைக்காரன் இங்கே உண்டாக்கிய தொண்டர் படைகளிலிருந்து வளர்ந்ததுதான் இந்த நாட்டு இராணுவம். யானையையும் ஊதுகுழலையும் அவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். குடியரசான பிறகு கிரீடத்தை மட்டும் கழற்றினார்கள். கிரீடம் தெரியாவிட்டால் எது பழையது, எது புதியது என்று பார்த்தவுடன் சொல்ல முடியாது.

அவசரத்தில் நான் முந்திக்கொண்டு வாயைத் திறந்தேன். என் சிங்களம் எப்போதோ செத்துவிட்டது. "சேர், இது ஆமி இல்லை. வொலண்டியர். இது வொலண்டியர் பட்ஜ்" என்றேன்.

அவர் முகம் இறுகிவிட்டது. சொன்ன பிறகுதான் என் பிழை எனக்கு விளங்கியது. நான் சொன்னது நூறு வருடத்துக்கு முந்திய வெள்ளைக்காரத் தொண்டர் படையை. அவர் காதில் விழுந்தது இன்றைக்கும் இருக்கும் தொண்டர் படை. காணாமல்போன ஒரு சிப்பாயின் தொப்பிச் சின்னம் எங்கள் வளவில் கிடந்தது என்று நானே ஒப்புக்கொண்டது போல ஆகிவிட்டது.

"மிஸ்ஸுக்கு எப்படித் தெரியும்?" என்று தமிழில் கேட்டார். "மிஸ் எப்ப வந்தது?"

"போன கிழமை வந்தனான்."

"வெளிநாட்டில இருந்து வந்தது. வந்த உடன குழி வெட்டினது. என்ன தேடினது?"

"கக்கூசுக் குழி சேர்" என்றான் நேசன். சிரித்தபடி சொன்னான். "அக்காவையள் வந்து நிக்கிறதுக்கு."

உண்மையே பொய்போலக் கேட்டது.

அதற்குள் ஆரணி ஃபோனைத் தூக்கிப் படம் பிடிக்கத் தொடங்கியிருந்தாள். இவர்களிடம் ஆணை இருக்கிறதா, எந்த உரிமையில் வீட்டுக்குள் வந்தார்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் குரல் நடுங்கவே இல்லை. கான்ஸ்டபிள் அவளை நோக்கி ஓர் அடி வைத்தான்.

நேசன் சட்டென்று இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றான். "சின்னப் பிள்ளை சேர், அங்க பிறந்த பிள்ளை, தெரியாது சேர்." சிரிப்பு கலையவில்லை. முதுகுப்புறம் சேர்ட் முழுக்க நனைந்திருந்தது.

நான் ஃபோனைப் பறித்து என் கைப்பையில் போட்டேன். ஆரணி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்க மாட்டேன்.

"மாமா ஏன் சிரிக்கிறார்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். "இதில் சிரிக்க என்ன இருக்கிறது?"

பொறுப்பதிகாரி ரின்னைத் தூக்கிக்கொண்டார். குழிக்குப் பக்கத்தில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினார். நீதிமன்ற உத்தரவு எடுத்து வளவு முழுக்கக் கிண்ட வேண்டி வரும் என்றார். பிறகு நேசனைப் பார்த்து, "வாங்க" என்றார்.

அந்த ஒரு சொல்லுக்குக் கமலி நிலத்தில் இருந்துவிட்டாள்.

4

நானும் ஆரணியும் கமலியும் ஓட்டோ பிடித்து ஜீப்புக்குப் பின்னால் போனோம். கமலி என் கையைப் பிடித்தபடி, "அக்கா, அவரைத் தனிய விட்டிடாதேங்கோ" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

பொலிஸ் நிலையத்தில் நேசனை வாசல் பக்க மர வாங்கில் இருத்தியிருந்தார்கள். யாரும் அவனை அடிக்கவில்லை, அதட்டவுமில்லை. ஒரு பெண் பொலிஸ் தண்ணீர்கூடக் கொடுத்தாள். அவன் அந்தக் கிளாசைக் குடிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான். யார் கடந்து போனாலும் எழும்பி நின்றான்.

நான் உள்ளே போய்ப் பொறுப்பதிகாரிக்கு முன்னால் நின்றேன். இந்த முறை ஆங்கிலத்தில், மெதுவாக, சொல் சொல்லாகச் சொன்னேன். நான் இங்கிலாந்தில் ஓர் அருங்காட்சியகத்தில் இப்படியான பொருட்களைப் பார்த்து வகைப்படுத்துகிறேன். இவை பிரிட்டிஷ் காலத்தவை என்று நினைக்கிறேன். யானைக்கு மேல் கிரீடம் இருந்தால் இவை நாங்கள் யாரும் பிறப்பதற்கு முந்தியவை. கிரீடம் இருக்கிறதா என்று உங்களுக்கு முன்னாலேயே பார்க்கலாம்.



"கிரீடம் இல்லாட்டி?" என்றார்.



நாங்கள் எல்லோரும் ஓடிய பிறகு அந்த வீடு நெடுங்காலம் கதவு யன்னல் இல்லாமல் திறந்து கிடந்தது. யார் யார் வந்து தங்கினார்கள், எதைக் கொண்டுவந்தார்கள், எதைப் புதைத்துவிட்டுப் போனார்கள் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அந்த ரின்னில் இருந்தவை எல்லாம் ஒரே காலத்தவை என்று நான் எதை வைத்துச் சொல்வது? யானைக்கு மேலே வெறுமையாக இருந்தால், அது ஓர் இளைஞனின் தொப்பியிலிருந்து கழன்றது. அவன் அம்மா எங்கேயோ ஓர் ஊரில் இன்னும் காத்திருப்பாள். அதை என் கையாலேயே நான் துடைத்துக் காட்டப்போகிறேன், என் தம்பி வாசலில் இருக்கும்போது.

"இல்லாட்டி, இல்லையெண்டு சொல்லுவன்" என்றேன். தமிழில்தான் வந்தது. அவருக்கு விளங்கியது.

ஆரணி என் காதருகே வந்து, "அம்மா, நீ இதைச் செய்யத்தான் வேணுமா? வக்கீல் ஒருவரைப் பிடிக்கலாமே" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவள் சொன்னதுதான் புத்திசாலித்தனம். ஆனால் வக்கீலைத் தேடிப் பிடித்து வரும்வரை நேசன் அந்த வாங்கில் தாங்குவானா என்று எனக்குத் தெரியவில்லை.

5

ஒரு கோப்பை தண்ணீர் கேட்டேன். வெள்ளைத் துணி கேட்டேன். மண் எடுக்க ஜூன் தரும் மூங்கில் குச்சிக்கு அங்கே எங்கே போவது? முற்றத்தில் சாத்தியிருந்த விளக்குமாற்றில் ஓர் ஈர்க்கை உருவி எடுத்து, கழுவி, நுனியைக் கடித்து மெதுவாக்கினேன். பொறுப்பதிகாரி கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு எனக்கு எதிரில் இருந்தார். கண்ணாடி நெற்றியிலிருந்து மூக்குக்கு இறங்கியது. இரண்டு கான்ஸ்டபிள்மார் வந்து பின்னால் நின்றார்கள்.

யானைச் சின்னத்தைத் துணியில் வைத்தேன். முதலில் பின்புறத்தைத் திருப்பினேன். இரண்டு வளையங்களின் அடி தெரிந்தது. நல்லதுதான், வளையம் பழைய காலத்து வழக்கம். ஆனால் வளையத்தை மட்டும் வைத்து ஒன்றும் சத்தியம் பண்ண ஏலாது.

மண் முதலில் இளகியது. யானையின் தும்பிக்கை வந்தது, முதுகு வந்தது. முதுகுக்கு மேலே பச்சையாக ஒரு கட்டி. ஈர்க்கு நுனியைத் தண்ணீரில் தொட்டுத் தொட்டு வைத்தேன். அழுத்தினால் கிரீடத்தின் மெல்லிய வளைவே உடைந்து வந்துவிடும். பிறகு கிரீடம் இருந்ததா, நான் உடைத்தேனா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். மேலே காற்றாடி கிறீச்சிட்டபடி சுற்றியது. என் நெற்றி வியர்வை துணியில் விழுந்தது.

கட்டியின் ஒரு பக்கம் கழன்றது. அடியில் ஒன்றுமில்லை. வெறும் தட்டையான உலோகம்.

பின்னால் நின்ற ஒருவன் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. நான் நிமிர்ந்து வாசலைப் பார்த்தேன். நேசன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு என்ன தெரிந்ததோ, கிளாசை நிலத்தில் வைத்துவிட்டான்.

இப்போது நிறுத்தலாம் என்று ஒரு நினைப்பு வந்தது. மிச்சம் கழலவில்லை, ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று சொல்லலாம். யாரும் என்னைப் பிழை சொல்ல மாட்டார்கள். ஆனால் அப்படிச் சொன்னால் வளவு கிண்டும்வரை அவன் இந்தச் சிரிப்போடு இருக்க வேண்டும். நான் மறுபடியும் ஈர்க்கை நனைத்தேன்.

மற்றப் பக்கம் இளகியபோது முதலில் வந்தது ஒரு புள்ளி. பிறகு அதன் பக்கத்தில் இன்னொரு புள்ளி. மணல் அளவில், வரிசையாக, வளைந்து மேலே போகும் புள்ளிகள். முத்துகள். கிரீடத்தின் வளைவில் கோத்த முத்துகள். நான் முதலில் திறந்தது கிரீடத்துக்கு வெளியே இருந்த வெற்றிடத்தை.

ஈர்க்கைக் கீழே வைத்துவிட்டு, சின்னத்தைத் துணியோடு அவர் பக்கம் தள்ளினேன்.

"பாருங்கோ சேர். வளைவு உருண்டு எழும்பியிருக்கு. நடுவில பள்ளம் இல்லை. இது ராசாவின்ர கிரீடம். சுதந்திரத்துக்கு முந்தின தொப்பி."

அவர் ஃபோனில் பெருக்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். கான்ஸ்டபிளிடம் கொடுத்தார். அவன் கணினியில் இப்போதைய சின்னத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். அதில் கிரீடம் இல்லை.

6

முடிந்தது என்று நான் நினைத்தேன். அவர் ரின்னுக்குள் கையை விட்டு இன்னொன்றை எடுத்தார். மண்ணிறத்தில், லேசாக, நகத்தால் தட்டினால் 'டக்' என்று சத்தம் வரும் சாமான்.

"மிஸ், இது பிளாஸ்ரிக்" என்றார். "ராசா காலத்தில பிளாஸ்ரிக்கா?"

கான்ஸ்டபிள்மார் சிரித்தார்கள். அது நியாயமான சிரிப்பு. நானும் முதல்முறை ஜூனிடம் அதே கேள்வியைத்தான் கேட்டேன். உலக யுத்தத்தில் செம்பும் பித்தளையும் குண்டுக்குப் போய்விட்டன, அதனால் தொப்பிச் சின்னங்களைக் கடினமான பிளாஸ்ரிக்கில் அச்சடித்தார்கள். எனக்குத் தெரியும். ஆனால் என் வாய்ச்சொல்லை அவர் ஏன் நம்ப வேண்டும்?

இங்கிலாந்தில் அப்போது காலை. ஜூன் அருங்காட்சியகத்துக்கு வந்திருப்பாள். ஆரணியின் ஃபோனைக் கைப்பையிலிருந்து எடுத்து அவளிடமே திருப்பிக் கொடுத்தேன். "ஜூனைக் கூப்பிடு" என்றேன்.

ஜூனின் முகம் திரையில் வந்தது. நான் சின்னத்தைக் காட்டியதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "பவானி, அதைத் தேய்த்தாயா?" என்பதுதான். எங்கே நிற்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது. ஆரணி சுருக்கமாக விளக்கினாள். ஜூன் உடனே எழும்பிப் போய் ஒரு தட்டை எடுத்துவந்து, அதே மாதிரி மண்ணிறச் சின்னம் ஒன்றைக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தாள். பிறகு திருப்பினாள். பின்புறத்தில் மடித்துவிடும் இரண்டு பித்தளை நாக்குகள் இருந்தன.

பொறுப்பதிகாரி தன் கையில் இருந்ததைத் திருப்பினார். ஒரு நாக்கு உடைந்திருந்தது. மற்றது அப்படியே மடிந்து கிடந்தது.

ஜூன் வேகமாகப் பேசுபவள். அவர் திணறுவதைக் கண்டு ஆரணி குறுக்கே வந்தாள். சின்னச் சின்ன வசனமாக, நிறுத்தி நிறுத்தி, அந்த ஆங்கிலத்தை இலகுவான ஆங்கிலமாக்கி அவருக்குச் சொன்னாள். ஒவ்வொரு வசனத்தின் முடிவிலும் 'சேர்' என்றாள். நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

"துறைமுகத்தில் அந்த நேரம் வெள்ளைக்காரப் பட்டாளம் நிறைந்திருந்தது, இல்லையா சேர்?" என்று அவள் கேட்டாள்.

"ஓம். ஜப்பான் குண்டு போட்டது" என்றார் அவர். பிளாஸ்ரிக்கை ஒருமுறை விரலால் சுண்டிப் பார்த்துவிட்டு ரின்னுக்குள் வைத்தார்.

யார் புதைத்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. குண்டு விழுந்தபோது ஓடிய எவரோ ஒருவராக இருக்கலாம் என்று நினைத்துக்கொள்கிறேன். பழம்பொருள் என்பதால் உரிய திணைக்களத்துக்கு அனுப்பிவைப்போம், வீட்டுக்காரரின் வாக்குமூலம் மட்டும் வேண்டும் என்றார் பொறுப்பதிகாரி. வளவில் நின்ற கான்ஸ்டபிளைத் திருப்பிக் கூப்பிட்டார்.

7

நேசனை உள்ளே கூப்பிட்டார்கள். கேட்டார்கள், சொன்னான், ஒருவன் சிங்களத்தில் எழுதினான். எழுதி முடித்துத் தாளைத் திருப்பி, கையெழுத்து வைக்கும் இடத்தைப் பேனையால் தொட்டுக் காட்டினான்.

நேசன் பேனையை வாங்கினான். தாளைப் பார்த்தபடியே நின்றான். அவன் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அது இல்லாமல் அந்த முகத்தைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

"சேர், எனக்கு இது வாசிக்கத் தெரியாது" என்றான். "தமிழில எழுதுங்கோ. வைக்கிறன்."

கமலி அவன் சேர்ட்டின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள்.

நான் என்ன செய்தேன் என்று எழுத வேண்டும். "வைச்சிட்டு வாடா நேசன், எல்லாம் முடிஞ்சுது" என்றேன். உரிமை உரிமை என்று பேசும் நாட்டில் இத்தனை வருடம் இருந்துவிட்டு வந்த நான் அதைத்தான் சொன்னேன்.

"இல்லை அக்கா" என்றான். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அண்டைக்கும் இப்பிடித்தான் ஒண்டில வைச்சனான்."

பேனையைத் தாளின் மேல் வைத்தான்.

தமிழ் எழுதுகிற சார்ஜன் பின்னேரம்தான் வேலைக்கு வருவார் என்றார் பொறுப்பதிகாரி. குரலில் சலிப்பு இருந்தது, கோபம் இல்லை.

"இருக்கிறன் சேர்" என்றான் நேசன். போய் அதே வாங்கில் இருந்தான். இந்த முறை யாரும் கடந்து போனபோது எழும்பவில்லை. ஆரணி போய் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

வெயில் தணியும் நேரத்தில் சார்ஜன் வந்தார். கிண்ணியாக்காரர், நசீர் என்று பெயர். சிங்களத் தாளைப் பார்த்துத் தமிழில் எழுதி, "கேளுங்க, வாசிக்கிறன்" என்று உரத்து வாசித்தார். நேசன் கண்ணை மூடிக்கொண்டு கேட்டான். ஓர் இடத்தில் கையைக் காட்டினான்.

"மறைத்து வைக்கப்பட்டிருந்த தகரப் பெட்டி எண்டு வாசிச்சனீங்கள்."

"ஓம், அதில அப்படித்தான் இருக்கு."

"மறைச்சு வைக்கேல்லை. மண்ணுக்குள்ள கிடந்தது. கிடந்தது எண்டு எழுதுங்கோ."

சார்ஜன் பொறுப்பதிகாரியைப் பார்த்தார். இரண்டு பேரும் சிங்களத்தில் கொஞ்சம் கதைத்தார்கள். பொறுப்பதிகாரி கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சரி என்று தலையசைத்தார். சார்ஜன் அந்தச் சொல்லை வெட்டி, மேலே 'கிடந்த' என்று எழுதினார். வெட்டின இடத்தில் நேசனைச் சின்னக் கையெழுத்து வைக்கச் சொன்னார். பிறகு கடைசியில் பெரிய கையெழுத்து.

"சரி, போயிட்டு வாங்க" என்றார் நசீர்.

8

ஓட்டோ வேண்டாம், நடப்போம் என்றான் நேசன். நடந்தோம். உள்துறைமுகக் கரையோரம் வந்தபோது அவன் கால் மடிந்துவிட்டது. மதில்மேல் இருந்தான். தொடை இரண்டும் படபடவென்று அடித்துக்கொண்டன. கையால் அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை.

நானும் கமலியும் கொஞ்சம் தள்ளி நின்றோம். கிட்டப் போனால் அழுதுவிடுவான், அது அவனுக்கு வெட்கமாக இருக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆரணிக்கு அது தெரியாது. அவள் போய் அவனோடு ஒட்டி இருந்தாள்.

"மாமா, அண்டைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டாள். மாமா என்ற சொல்லையும் அண்டைக்கு என்ற சொல்லையும் தமிழில் சொன்னாள், மிச்சத்தை ஆங்கிலத்தில்.

முப்பது வருடமாக அவனிடம் அதை யாரும் அப்படி நேராகக் கேட்டதில்லை. அம்மா சுற்றி வளைத்துக் கேட்டாள். நான் கேட்கவே இல்லை. கமலி கேட்டுவிட்டு, கேட்டதற்காக அழுதிருக்கிறாள்.

நேசன் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தான். தூரத்தில் ஒரு கப்பலுக்குப் பக்கத்தால் சின்னப் படகு ஒன்று போனது. அவன் படகு எஞ்சின் திருத்துகிறவன். அவனுக்குத் தெரிந்த ஆங்கிலம் எஞ்சின் பெட்டிகளிலும் உதிரிப்பாகப் புத்தகங்களிலும் வாசித்துப் பழகியது.

"ஸ்மோல் ரூம்" என்றான். "நோ லைட். மெனி பீப்பிள்."

ஆரணி அசையாமல் இருந்தாள்.

"வன் பாய், மை ஃபிரண்ட். சேம் கிளாஸ்." நிறுத்தினான். பெருவிரலால் மதில் சீமெந்தைத் தேய்த்தான். "தே ஆஸ்க் மீ ஹிஸ் நேம்."

அந்த மொழியில் அவனிடம் இருந்த சொற்கள் கொஞ்சம். அழுவதற்கும் கெஞ்சுவதற்கும் அவனுக்கு அதில் சொல் தெரியாது. ஒருவேளை அதனால்தான் சொல்ல முடிந்ததோ என்னவோ. ஒரு வசனம் சொல்வான், நெடுநேரம் சும்மா இருப்பான், பிறகு இன்னொன்று சொல்வான். ஆரணி அவசரப்படுத்தவில்லை.

கமலி என் முழங்கையைப் பிடித்தாள். அவளுக்கு ஆங்கிலம் தெரியாது.

"அக்கா, என்ன சொல்லுறார் இவர்?"

நான் நேசனைப் பார்த்தேன்.

"சொல்லுங்கோ அக்கா. நான் தாங்குவன்."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் சொல்லச் சொல்ல, அவன் காதில் விழாதபடி, ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.